‘ப்ராம்ப்சுவரி’: கிடங்கு என்று எழுதிவிடாதீர்கள்

ஆங்கிலத்தில் அபூர்வமாகத் தென்படும் ‘ப்ராம்ப்சுவரி’ என்ற சொல்லுக்கு அகராதிகளில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, பொருள்களைச் சேர்த்து வைக்கும் இடம். மற்றது, வேண்டிய செய்தி சட்டென்று கைக்கு வரும்படி தொகுத்த நூல். முதல் பொருளைப் பார்த்ததும் தமிழில் ‘கிடங்கு’ என்று எழுதிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

வேரைப் பார்த்தால் காரணம் புரியும். இலத்தீனில் ‘ப்ரோமெரே’ என்றால் வெளியே எடுத்தல். அதிலிருந்து ‘ப்ரோம்ப்துஸ்’, அதாவது எடுத்துத் தயாராக வைத்தது, அதிலிருந்து ‘ப்ரோம்ப்துவாரியும்’. ‘கோந்தெரே’ என்ற வினை இதற்கு எதிர்: உள்ளே வைத்துப் பத்திரப்படுத்துதல். ‘கிடங்கு’ நினைவூட்டுவது இந்த எதிர்ப்பக்கத்தைத்தான். ரோமானிய வீட்டில் சரக்கை எடுத்துக் கொடுப்பவனுக்கு ‘ப்ரோமுஸ்’ என்றே பெயர். நம் உக்கிராணக்காரன் செய்கிற வேலைதான் அவனுக்கும். ஆகவே உணவுப் பொருள் வைக்கும் அறையைக் குறித்து இச்சொல் வந்தால் ‘உக்கிராணம்’ கச்சிதமாகப் பொருந்தும். தானியம் என்றால் ‘களஞ்சியம்’. பூட்டி முத்திரையிட்ட பழைய ஆவணங்களுக்கு ஆவணக் காப்பகம் என்ற பெயர் இருக்கிறது. அங்கே ப்ராம்ப்சுவரி வேண்டாம். இன்றைய சரக்குக் கிடங்குகளுக்கும் இது ஒட்டாது, பழைய நடையை வேண்டுமென்றே ஒட்டவைத்தது போலாகிவிடும்.

வேரை விளக்கும்போதே ஒரு சறுக்கல் நேர்வதுண்டு. ‘ப்ரோ’ முன்னொட்டு, ‘எமெரே’ வினை என்று சரியாகப் பிரித்துவிட்டு, ‘எமெரே’ என்றால் வாங்குதல் என்ற நினைப்பில் ‘வாங்கிச் சேர்க்கும் இடம்’ என்று முடித்துவிடுகிறார்கள். விலைக்கு வாங்குதல் அவ்வினைக்குப் பிற்பாடு ஏறிய பொருள். பழைய பொருள் எடுத்தல் மட்டுமே.

‘ப்ராம்ப்ட்’ என்ற சொல்லும் இதே வேரில் பிறந்தது. அதனால், நாடக மேடையில் அடியெடுத்துக் கொடுப்பவரோடு இதை முடிச்சுப் போடுவதும், கணினிக்குத் தரும் ப்ராம்ப்ட்களைச் சேர்த்து வைக்கும் இடம் என்று கொள்வதும் நடக்கிறது. அகராதிப் பொருளில் இவை எதுவும் இல்லை. ‘ஆக்சுவரி’ (காப்பீட்டுக் கணிப்பாளர்) போல ஆளைக் குறிக்கும் சொல்லும் அல்ல.

இலத்தீன் விவிலியமான வுல்காத்தாவில் இச்சொல்லைத் தேடுபவர்கள் சங்கீதத்தின் எண்ணில் ஏமாறக்கூடும். அங்கே ‘ப்ரோம்ப்துவாரியா’ என்ற பன்மை வடிவம் வருவது 143ஆம் சங்கீதம், 13ஆம் வசனத்தில். எபிரேய எண் வரிசையைப் பின்பற்றும் பதிப்புகளில், தமிழ் வேதாகமம் உட்பட, அது 144:13. தமிழில் அந்த இடத்தில் ‘களஞ்சியங்கள்’ என்று இருக்கிறது, நல்ல தேர்வு.

நூலைக் குறிக்கும் இடங்களில் தவறு இன்னும் நுட்பமானது. ‘கலைக்களஞ்சியம்’ என்ற சொல் நமக்குப் பழகியிருப்பதால் அதையே எடுத்து வைத்துவிடுகிறோம். கலைக்களஞ்சியம் எல்லாத் துறைகளையும் விரித்துச் சொல்வது. ப்ராம்ப்சுவரி ஒரு தேவைக்கென்று சுருக்கித் தொகுத்தது. கையேடு, திரட்டு, குறிப்புத் தொகுப்பு என்பவையே நெருங்கி வரும். ‘கருவூலம்’ என்பதையும் இதற்குச் செலவழிக்காதீர்கள். கருவூலம் என்றே பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த ‘தெசாரஸ்’ (ஒத்த பொருளுள்ள சொற்களைத் தொகுத்த நூல்) அதற்கு உரிமை கொண்டாடும்.

1440 வாக்கில் எழுதப்பட்ட ‘ப்ரோம்ப்தோரியும் பார்வுலோரும்’ நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கிலச் சொல்லைத் தேடினால் இலத்தீன் சொல் கிடைக்கும் அகராதி அது. தெரிந்த சொல்லோடு போகும் மாணவனுக்குத் தெரியாத சொல்லை எடுத்துக் கொடுக்கிறது. பெயரை ‘சிறுவர் கிடங்கு’ என்று மாற்றினால் நூலின் வேலையே மறைந்துபோகும். ‘சிறுவர் சொற்களஞ்சியம்’ என்றால் பிழைத்துக்கொள்ளும். 1553இல் லியோன் நகரில் வெளிவந்த உருவப்படத் தொகுப்பின் தலைப்பிலும் இதே இலத்தீன் சொல் இருக்கிறது. அங்கே ‘திரட்டு’ போதும்.

கணிதத்தில் மட்டும் மொழிபெயர்க்காமல் விடுவது நல்லது. ஸ்காட்லாந்துக் கணித அறிஞர் ஜான் நேப்பியர் 1617இல் வெளியான தன் நூலில் பெருக்கலுக்கான ‘ப்ராம்ப்சுவரி’ என்ற கருவி ஒன்றை விவரிக்கிறார். எண் பொறித்த பட்டைகளை ஒரு திசையில் அடுக்கி, துளையிட்ட பட்டைகளைக் குறுக்காக மேலே வைத்து, துளைகள் வழியே தெரியும் இலக்கங்களைச் சாய்வரிசையில் கூட்டினால் விடை வரும். அவருடைய ‘நேப்பியர் எலும்புகள்’ என்ற இன்னொரு பெருக்கல் கருவியோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எலும்புகளில் பெருக்கியின் ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனி வரிசை படித்து, பிறகு எல்லாவற்றையும் எழுதிக் கூட்ட வேண்டும். ப்ராம்ப்சுவரியில் பல இலக்கப் பெருக்கி முழுவதையும் ஒரே அடுக்கில் வைத்துவிடலாம்.

ஆங்கிலத்திலேயே எழுதும்போது எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள்: பி, ஆர், ஓ, எம், பி, டி, யு, ஏ, ஆர், ஒய். பேச்சில் தேய்ந்துபோகும் இரண்டாவது ‘பி’யும் நடுவிலுள்ள ‘யு’வும்தான் அடிக்கடி விடுபடுகின்றன. பன்மையில் ஒய் போய் ஐ, ஈ, எஸ் வரும். ‘-ஆ’ என்று முடியும் இலத்தீன் பன்மையை இலத்தீன் மேற்கோளுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.