நித்தியகல்யாணிச் செல் வளர்ப்பு: கேலஸ் முதல் அஜ்மாலிசின் வரை

நித்தியகல்யாணியைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினை நினைத்துத்தான் தொடங்குகிறார்கள். அந்த ஆசையை முதலிலேயே விட்டுவிடுங்கள். வின்பிளாஸ்டினுக்கு அதன் ஒரு பாதியான வின்டோலின் என்ற பொருள் வேண்டும், அது உருவாகும் கடைசிப் படிகள் இலையிலுள்ள தனிவகைச் செல்களில்தான் நடக்கின்றன, வளர்ப்புக் குடுவையில் உருவமின்றிப் பெருகும் செல் கட்டியான கேலஸில் அந்தச் செல்களே கிடையாது. இதே செடியின் வேறு ஆல்கலாய்டுகளான (நைட்ரஜன் கொண்ட தாவரச் சேர்மங்கள்) அஜ்மாலிசினும் செர்பென்டினும் அப்படியில்லை, கேலஸிலும் உருவாகும். ரத்த ஓட்டத்துக்கான மருந்தாக அஜ்மாலிசினுக்குப் பயன் உண்டு, அதனால் அதையே குறியாக வைப்போம்.

இளம் இலைகளைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, 70% எத்தனாலில் அரை நிமிடம், பிறகு நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 10 நிமிடம் வைத்து, ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசுங்கள். பழைய செய்முறைகளில் மெர்குரிக் குளோரைடு இருக்கும்; அந்தப் பாதரசக் கழிவை எங்கே கொட்டுவீர்கள், வேண்டாம்.

செல்களுக்கு ஊட்டம் தரும் மீடியத்துக்கு முராஷிகேயும் ஸ்கூகும் 1962இல் வெளியிட்ட எம்எஸ் கலவை போதும், பொடியாகவே கிடைக்கிறது. லிட்டருக்கு 30 கிராம் சுக்ரோஸ், செல்களைப் பெருகத் தூண்டும் வளர்ச்சி ஊக்கிகளான 2,4-டி 1 மில்லிகிராம், கைனடின் 0.1 மில்லிகிராம். 2,4-டி தண்ணீரில் சரியாகக் கரையாது, கொஞ்சம் எத்தனாலில் கரைத்துச் சேருங்கள். பிஎச் 5.8 வைத்த பிறகு 8 கிராம் அகார் போட்டு, 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ். வடிகட்டிய காற்று வீசும் லேமினார் ஏர்ஃப்ளோ மேடைக்குள் இலையை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி மீடியத்தின் மேல் வைத்தால், 25 டிகிரியில் மூன்று நான்கு வாரத்தில் வெட்டிய ஓரங்களில் கேலஸ் கிளம்பும். கெட்டியாக முடிச்சு முடிச்சாக இருப்பதை ஒதுக்கிவிட்டு, தொட்டால் உதிர்கிற வெளிர்நிறக் கேலஸை மட்டும் இரண்டு மூன்று முறை சப்கல்ச்சர் செய்யுங்கள், அதாவது புது மீடியத்துக்கு மாற்றுங்கள். பழுப்பாகத் தொடங்கினால் வாரக் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்றிவிடுங்கள்.

அப்புறம் சஸ்பென்ஷன், அதாவது செல்களைத் திரவ மீடியத்தில் மிதக்கவிட்டு வளர்ப்பது. 250 மில்லி குடுவையில் அகார் இல்லாத அதே மீடியம் 50 மில்லி, நிமிடத்துக்கு 110–120 சுற்றில் ஷேக்கர். கேலஸைத் தாராளமாகப் போடுங்கள். செல்கள் ரொம்பக் குறைவாக இருந்தால் பெருகாமல் அப்படியே கிடந்து செத்துப்போகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புது மீடியம்.

செல் பெருகிவிட்டது, ஆனால் அஜ்மாலிசினைக் காணோம் என்கிறவர்கள் நிறையப் பேர். பெருக்கத்துக்கு உதவும் 2,4-டியே ஆல்கலாய்டு உற்பத்தியை அடக்கிவைக்கும் என்பதுதான் காரணம். எனவே வளர்ந்த செல்களை வடிகட்டி, 2,4-டி இல்லாத, சுக்ரோஸை 50 கிராமுக்கு மேல் உயர்த்திய உற்பத்தி மீடியத்துக்கு மாற்றுங்கள். ஜெர்மனியில் ஆய்வாளர் சென்க்கின் குழு 1977இல் இதே செடிக்குத் தனி உற்பத்தி மீடியம் வெளியிட்டது, ஜப்பானில் மிட்சுயி நிறுவனம் 1980களில் ஷிகோனின் என்ற சிவப்புச் சாயத்தைச் செல் வளர்ப்பில் வணிகமாகவே எடுத்ததும் வளர்ச்சிக்கு ஒரு மீடியம், உற்பத்திக்கு ஒரு மீடியம் என்று பிரித்துத்தான். குடுவையை இருட்டிலேயே வையுங்கள், வெளிச்சம் பட்டால் அஜ்மாலிசின் செர்பென்டினாக மாறுவது கூடும். சில நாள் கழித்து, செடியின் தற்காப்புச் சேர்மங்களைத் தூண்டும் மீத்தைல் ஜாஸ்மோனேட் 100 மைக்ரோமோலார் சேர்த்துப் பார்க்கலாம், ஆனால் அதைக் கரைத்த எத்தனாலை மட்டும் சேர்த்த குடுவை ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த முடிவை யாரும் நம்ப மாட்டார்கள்.

செர்பென்டின் புறஊதா விளக்கில் நீலமாக ஒளிரும், நல்ல செல் வரிசையை (ஒரே கேலஸிலிருந்து தொடர்ந்து வளர்த்துவரும் செல்கள்) பொறுக்க இது மலிவான வழி. செல்லை உலர்த்தி மெத்தனாலில் ஊறவைத்து, அந்தச் சாற்றை மெல்லிய படலத் தகட்டில் பிரிக்கும் டிஎல்சி ஓட்டுங்கள். ஆல்கலாய்டைக் காட்டும் டிராகன்டார்ஃப் கரைசலைத் தெளித்து ஆரஞ்சுப் புள்ளி வந்தால் ஏதோ ஆல்கலாய்டு இருக்கிறது, அவ்வளவுதான். அது அஜ்மாலிசினா என்று சொல்ல தூய அஜ்மாலிசினை ஸ்டாண்டர்டாக வைத்து எச்பிஎல்சி (உயர் அழுத்தத் திரவப் பிரிப்புக் கருவி) வேண்டும். வடிகட்டிய மீடியத்தையும் சோதியுங்கள், கொஞ்சம் வெளியே கசிந்திருக்கும். மாதக்கணக்கில் சப்கல்ச்சர் செய்யும்போது விளைச்சல் சரிந்துகொண்டே போவது வழக்கம், அதனால் ஒரே வரிசையை நம்பாமல் நான்கைந்தைத் தனித்தனியாக ஓட்டி அவ்வப்போது அளந்து பார்த்து, விளைச்சல் குறைந்ததைக் கழித்துவிடுங்கள்.