பீக்கோ டிரெயிலின் முதல் மூன்று கட்டங்கள்: புதிதாக நடக்கத் தொடங்குவோருக்கு

இலங்கை மலையகத்தின் பீக்கோ டிரெயில் என்ற நெடுநடைப் பாதை 300 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. மொத்தம் 22 கட்டங்கள். கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, கொட்டகலை, பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல என்று மலைகளைச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. பாதையின் பெரும்பகுதி பழைய தேயிலைத் தோட்டச் சாலைகளும் ஒற்றையடிப் பாதைகளும்தான். இதைப் பற்றி ஆங்கிலத்தில் நிறையக் கிடைக்கிறது. பாதையோரம் வாழ்பவர்கள் பெரும்பாலும் தமிழர்களாக இருக்க, தமிழில் ஒழுங்கான விளக்கம் கண்ணில் படவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் சொல்லப்போவது முதல் மூன்று கட்டங்களை மட்டும்: ஹந்தானை முதல் கலஹா, கலஹா முதல் லூல்கந்துர, லூல்கந்துர முதல் தவலந்தென்ன. நாளுக்கு ஒரு கட்டம். இது முடிந்தால் மற்றவற்றையும் நடக்கலாம். உடை, பற்பசை, டார்ச் போன்ற வழக்கமான பட்டியல்களுக்குள் போகவில்லை.

படி 1: மழையைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

"எந்த மாதம் நல்லது?" என்ற கேள்விக்கு மலையகத்தில் ஒரே விடை கிடையாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதுகிறது. அப்போது ஹட்டன், நோர்வூட் பக்கம் விடாமல் கொட்டும். அதே நாட்களில் மலைக்கு மறுபுறம் இருக்கும் பதுளைப் பக்கம் வெயில் காயும். டிசம்பரில் வடகிழக்குக் காற்று வந்ததும் நிலைமை தலைகீழாகிவிடும். பாதை இரண்டு சரிவுகளிலும் போவதால், மாதத்துக்கு ஏற்றபடி கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டத்தை முதலில் முடிவுசெய்து விடுமுறையை அதற்குள் திணித்தால் மழையில்தான் நடப்பீர்கள்.

முதல் மூன்று கட்டங்களுக்கு என் தேர்வு பிற்பகுதி ஜனவரி முதல் மார்ச் வரை. மார்ச் கடைசியிலிருந்து பிற்பகல் இடிமழை ஆரம்பமாகும். காலையில் வானம் பளிச்சென்று இருக்கும், இரண்டு மணிக்குள் கறுத்துவிடும். ஆகவே எந்த மாதமானாலும் காலை ஆறு மணிக்குக் காலை எடுத்து வையுங்கள், ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

*பிற்சேர்க்கை:* 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் பெரும் மண்சரிவுகளை உண்டாக்கியது. அதற்கு முன்பு பதிவான வரைபடங்களையும் காணொளிகளையும் நம்பிக் கிளம்ப வேண்டாம். எந்தக் கட்டம் திறந்திருக்கிறது, அனுமதிச் சீட்டு தேவையா, கட்டணம் எவ்வளவு என்பதையெல்லாம் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துவிட்டு, தங்கும் இடத்துக்காரரிடமும் ஒரு முறை கேளுங்கள். அவருக்குத்தான் நேற்று பெய்த மழை தெரியும்.

படி 2: நேரத்தைக் கணக்கிடுங்கள்

300 கிலோமீட்டரை 22 கட்டங்களாகப் பிரித்தால் ஒரு நாளைக்குச் சராசரியாக 14 கிலோமீட்டர் வரும். "தினமும் பூங்காவில் நடக்கிறேனே, 14 பெரிய தூரமா?" என்று தோன்றும். மலையில் தூரத்தோடு ஏற்றத்தையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் 600 மீட்டர் ஏற்றமுள்ள 14 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். அது பழகிய கால்களுக்கு, ஓய்வில்லாமல் நடந்தால். புதியவர் அதோடு பாதியைச் சேர்த்து ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணி என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பு (வரைபடத்தில் பாதையைக் காட்டும் தடப்பதிவு) கிடைக்கிறது. அதைக் கைபேசியில் இறக்கி, இணையமில்லாமல் இயங்கும் வரைபடச் செயலியில் ஏற்றிவிடுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும். வழிகாட்டிப் பலகைகள் உண்டு என்றாலும், தேயிலை மலையில் கிளை பிரியும் பாதைகளும் ஏராளம்.

படி 3: மூட்டை

ஆறு கிலோவுக்கு மேல் வேண்டாம், தண்ணீரையும் சேர்த்துத்தான். பைக்கு வெளியே போடும் மழை உறையை நான் நம்புவதில்லை, முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கிவிடும். தடித்த பொலித்தீன் பை ஒன்றைப் பைக்குள்ளே விரித்து, பொருட்களை அதில் வைத்து, வாயை முறுக்கிக் கட்டுங்கள். மழை அங்கிக்குப் பதிலாகக் குடையே என் தேர்வு. அங்கிக்குள் வியர்வையிலேயே நனைந்துவிடுவீர்கள். காற்று அடிக்கும் முகட்டில் மட்டும் குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றியிருக்கும் படங்கை (தார்ப்பாய்த் துண்டை) கவனித்துப் பாருங்கள். மழையிலும் பனியிலும் அவர்களின் உடையைக் காப்பாற்றுவது அதுதான். மலிவானது, கிழியாதது. நீங்களும் ஒரு துண்டு வைத்திருந்தால் நனைந்த கல்லில் விரித்து உட்காரலாம்.

படி 4: பாதங்கள் (இங்கே அவசரப்படாதீர்கள்)

ஏற்றம் மூச்சை வாங்கும், ஆனால் நின்றால் மூச்சு திரும்பிவிடும். நெடுநடையைக் கெடுப்பது இறக்கம். இறங்கும்போது பாதம் காலணிக்குள் முன்னே சறுக்குகிறது. விரல் நுனிகள் மோதி நகம் கறுத்துவிடும், குதிகால் மேலும் கீழும் உரசிக் கொப்புளம் எழும். முதல் நாள் கலஹாவை நோக்கி இறங்கும்போது என்னோடு வந்தவர் நொண்டத் தொடங்கினார். அதற்குப் பிறகு இதை ஒரு பாடமாகவே எடுத்துப் படித்தேன். வைத்தியம் காலணியின் விலையில் இல்லை, கயிற்றைக் கட்டும் விதத்தில் இருக்கிறது.

காலணியைப் போட்டதும் குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பாதத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள். கயிற்றை வழக்கம்போல் கடைசிக்கு முந்தைய துளை வரை கோத்து வாருங்கள். பிறகு கயிற்றைக் குறுக்கே கொண்டுபோகாமல், அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். இரு பக்கமும் சிறு வளையம் உருவாகும். இப்போது வலக்கயிற்றை இட வளையத்துக்குள்ளும், இடக்கயிற்றை வல வளையத்துக்குள்ளும் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். கணுக்கால் இறுகியிருக்கும், விரல்கள் இருக்கும் முன்பகுதி தளர்ந்திருக்கும். குதிகால் அசையாது. ஏற்றத்தில் தளர்த்துங்கள், இறக்கம் தொடங்கும் இடத்தில் நின்று மறுபடி இறுக்குங்கள். அந்த இரண்டு நிமிடத்தைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள்.

காலணி அரை அளவு பெரிதாக இருக்கட்டும், மதியத்துக்குள் பாதம் வீங்கும். புதுக் காலணியோடு போகவே வேண்டாம். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், தோல் ஊறி உரியும். மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழைக் காலுறை எடுங்கள், ஒரு சோடி மாற்றுக்கு இருக்கட்டும். நகத்தைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

ஓரிடம் சூடாகச் சுருக்கென்று தெரிந்தால் அதுதான் எச்சரிக்கை. அடுத்த திருப்பம் வரை பார்க்கலாம் என்று நினைக்காமல் அங்கேயே உட்காருங்கள். காலைத் துடைத்து உலர்த்தி, மருந்துக்கடைத் துணி பிளாஸ்திரியைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். மூலைகளை வட்டமாக வெட்டினால் உரியாது. கொப்புளம் எழுந்துவிட்டால், சின்னதை உடைக்காமல் மூடி வையுங்கள்.

*பிற்சேர்க்கை:* முழங்கால் வலி பற்றி வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். இறக்கத்தில் அடிகளைச் சிறிதாக வையுங்கள், முழங்காலை விறைப்பாக நீட்ட வேண்டாம். ஒரு கோல் கட்டாயம். இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. உயரம் மாற்றக்கூடிய கோலை இறக்கத்தில் சற்று நீட்டிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே முழங்காலில் சிகிச்சை பெற்றவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

படி 5: அட்டையும் குளவியும்

அட்டைக்குப் பலரும் பயப்படுகிறார்கள். அதனால் பெரிய தீங்கில்லை. காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, மேலே சவர்க்காரத்தையோ சித்தாலேபத் தைலத்தையோ தேய்த்துக்கொள்ளுங்கள். ஏறிவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். உப்புப் போட்டாலோ நெருப்பு வைத்தாலோ அது வயிற்றிலிருப்பதைக் காயத்துக்குள் கக்கலாம். ஒல்லியான முனைதான் வாய். நகத்தைத் தோலோடு வைத்து அந்த முனையைப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். உறையாமல் இரத்தம் கொஞ்ச நேரம் வழியும், அதன் உமிழ்நீரின் வேலை அது. கழுவி அழுத்திக் கட்டுங்கள்.

பயப்பட வேண்டியது குளவிக்கு. தோட்டங்களில் குளவி கொட்டித் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போகும் செய்தி அடிக்கடி வருகிறது, உயிர்களும் போயிருக்கின்றன. வாசனைத் திரவியம் பூசாதீர்கள். மரக்கிளையிலோ பாறையிலோ கூடு தெரிந்தால் சத்தமில்லாமல் விலகிப் போங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவர் தந்த மருந்தைப் பைக்கு அடியில் வைக்காமல் சட்டைப் பையில் வையுங்கள். சிறுத்தைகளும் உலவும் நாடு இது. இருட்டிய பின் தோட்டப் பாதைகளில் நடக்க வேண்டாம்.

படி 6: தண்ணீர், சாப்பாடு

பார்க்கத் தெளிவாக ஓடும் ஓடையாக இருந்தாலும், தேயிலை மலைக்குக் கீழே வரும் தண்ணீரைக் குடிக்காதீர்கள். உரமும் களைகொல்லியும் கலந்திருக்கும், குளோரின் மாத்திரை அவற்றை நீக்காது. கொதித்தாறிய நீரை இரண்டு லிட்டர் சுமந்து செல்லுங்கள். காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் வயிறு நிறையச் சாப்பிட்டால் பத்து மணி வரை தாங்கும். வழியில் சிறு கடை தென்பட்டால் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ (பாலில்லாத் தேநீர்) குடியுங்கள், சீனி தாராளமாக. இந்த நடையின் பெரிய இன்பங்களில் ஒன்று அது என்று மனதாரச் சொல்வேன்.

படி 7: தோட்டத்துக்குள் நடக்கும் முறை

இதை மற்ற வழிகாட்டிகள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நீங்கள் நடப்பது பிறருடைய வேலைத்தளத்தின் நடுவே, சில இடங்களில் அவர்கள் வீட்டு வாசலை ஒட்டி. கொழுந்து எடுப்பவர் அன்றைக்கு நிறுக்க வேண்டிய எடையை எட்டினால்தான் முழுச் சம்பளம். அவரை நிறுத்தி வைத்துப் படம் எடுத்தால் அவருடைய கூலி நேரத்தை எடுத்துக்கொள்கிறீர்கள். வணக்கம் சொல்லிவிட்டு நகருங்கள். பேச விரும்பினால் அவர்கள் பேசுவார்கள். படம் வேண்டுமென்றால் கேளுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள். லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாசலில் உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். பிள்ளைகளுக்கு இனிப்போ காசோ கொடுத்துப் பழக்காதீர்கள்.

தமிழ் தெரிந்திருப்பது இங்கே எந்தச் செயலியையும்விடப் பெரிய உதவி. செயலி காட்டிய குறுக்குப் பாதையில் நான் இறங்கப் போனபோது, மேலே தேயிலை நிரையில் நின்ற ஒரு அம்மா கையை நிறுத்தாமலே குரல் கொடுத்தார்: "தம்பி, அந்தப் பக்கம் வழுக்கும். பெரிய ரோட்டால் சுற்றிப் போங்கள்." சுற்றிப் போய்க் கீழிருந்து பார்த்தால், படிக்கற்கள் பாசி பிடித்து, நடுவில் ஒன்றைக் காணோம்.

லூல்கந்துரவில், இலங்கையில் தேயிலையை முதலில் வணிகப் பயிராக்கிய ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதைப் பலகைகள் சொல்லும். அதற்கும் முன்பே, கோப்பிக் காலத்திலிருந்து, தென்னிந்தியத் தொழிலாளர்கள் தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே ஏராளமானோர் மாண்டார்கள். மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 ஆண்டு நினைவாக 2023 ஜூலை, ஆகஸ்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி ஒரு நடைபயணம் நடந்தது. இந்த நாட்டின் முதல் நெடுநடைக்காரர்கள் விரும்பி நடந்தவர்கள் அல்லர். லூல்கந்துர ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது இதை நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை, நீங்களும் தெரிந்துகொண்டு நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

படி 8: நாள் வாரியாக

முதல் நாள் ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் தொடங்குகிறது. 1925இல் கட்டிய தொழிற்சாலைக் கட்டடம் அது. முந்தைய இரவு கண்டியில் தங்கி, காலையில் ஆட்டோவில் ஏறிப் போய்விடுங்கள். உள்ளே பார்க்க விரும்பினால் அதை முந்தைய நாளே முடித்துக்கொள்ளுங்கள், ஆறு மணிக்குத் திறந்திருக்காது.

கலஹாவிலும் லூல்கந்துரப் பக்கமும் தங்குமிடம் குறைவு. போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்ப வேண்டாம். முன்பே பேசி, கட்டம் முடியும் இடத்திலிருந்து அழைத்துப்போக வண்டி வருமா என்பதையும் கேட்டு வையுங்கள். மூன்றாம் நாள் முடியும் தவலந்தென்ன, கண்டி–நுவரெலியாப் பிரதான வீதியில் இருக்கிறது. இரு திசைக்கும் பஸ் கிடைக்கும்.

*பிற்சேர்க்கை:* தனியாக நடக்கலாமா என்று பெண்கள் சிலர் கேட்டிருந்தார்கள். முதல் முறை யாராக இருந்தாலும் தனியாக வேண்டாம் என்பதே என் கருத்து. ஆளில்லாத நீண்ட பகுதிகள் உண்டு, கணுக்கால் பிசகினால் உதவி வர நேரமாகும். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்துங்கள். அந்தப் பணம் தோட்டத்து இளைஞர் ஒருவருக்குப் போய்ச்சேர்ந்தால் இன்னும் நல்லது.

படி 9: நடந்து முடிந்த பிறகு

அறைக்குள் போகுமுன் காலுறை மடிப்புகளில் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். காலணியின் உள்தட்டை வெளியே எடுத்து, உள்ளே கசக்கிய செய்தித்தாளைத் திணித்து, இரவில் ஒரு முறை தாளை மாற்றுங்கள். அடுப்பருகே வைத்தால் பசை விட்டுப்போகும். மறுநாள் படி இறங்கும்போது தொடை வலித்தால் கவலை வேண்டாம், இறக்கத்தின் வலி அது, இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

அடுத்த கட்டத்தை மாதம் பார்த்து முடிவுசெய்யுங்கள். பெப்ரவரி என்றால் தவலந்தென்னையிலிருந்து பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை என்று தொடரலாம். ஜூலையில்தான் விடுமுறை என்றால் மேற்குப் பக்கத்தை விட்டுவிட்டு ஹப்புத்தளையில் தொடங்குங்கள்.