கட்டுமான மேலாண்மை, பிம் ஆய்வுகள்: பி.எச்டி.யில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டுமான மேலாண்மையில் பி.எச்டி. பதிவு செய்கிறவர்கள் பலர் கருவியிலிருந்து தலைப்பைத் தொடங்குகிறார்கள். பிம், டிஜிட்டல் ட்வின், ட்ரோன், ஏ.ஐ. என்று ஏதோ ஒன்று முதலில் மனதைப் பிடித்துவிடும். அதை எங்கே பொருத்தலாம் என்று அப்புறம் தேடுவார்கள். கட்டிடத்தின் ஒவ்வொரு பாகத்தின் அளவு, பொருள், விலை, வேலைத் தேதி எல்லாவற்றையும் முப்பரிமாண மாடலோடு சேர்த்து வைக்கிற பிம் நல்ல கருவிதான். ஆனால் "பிம் மூலம் திட்ட மேலாண்மையை மேம்படுத்துதல்" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. எது மேம்பட வேண்டும், இப்போது அது எப்படி இருக்கிறது, மேம்பட்டதை எதை வைத்து அளப்போம் என்று எதுவுமே அதில் இல்லை. பின்னால் வருகிற தவறுகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன.

கேள்வி சைட்டிலிருந்து வரவேண்டும். மூன்றாம் மாடி ஸ்லாப் போடவேண்டிய நாளில் போடவில்லை. ஏன்? கம்பி கட்டி முடியவில்லையா, எலெக்ட்ரிக்கல் பைப் பதிக்கிறவர் வரவில்லையா, டிராயிங் திருத்தம் நேற்றுதான் வந்ததா, கீழ்த் தளத்தில் சென்ட்ரிங் பிரிக்காததால் பலகை இல்லையா? கிளென் பாலார்ட் 2000ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஆய்வேடு இந்த மாதிரிக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. இந்த வாரம் முடிக்கிறோம் என்று ஒப்புக்கொண்ட வேலைகளில் எத்தனை முடிந்தன, மற்றவை ஏன் முடியவில்லை? பத்து வேலைக்கு ஒப்புக்கொண்டு ஆறு முடிந்தால் 60 சதவீதம். முக்கால்வாசி முடிந்த வேலை கணக்கில் வராது. பல நாடுகளில் இன்று நடைமுறையில் இருக்கும் லாஸ்ட் பிளானர் என்ற வேலைத் திட்டமிடல் முறையின் நடுவே இருப்பது இந்த எளிய அளவுதான். இதை எடுக்க நோட்டும் பேனாவும் போதும். பிம் தேவைப்பட்டால் அது பதிலின் பக்கத்திலிருந்து தானாக உள்ளே வரும்.

கருத்தை அளவீடு என்று நினைப்பது

நம் துறையில் மிகப் பரவலான தவறு இது. தாமதத்துக்கான காரணங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு கொடுக்கச் சொல்லி, ஆர்.ஐ.ஐ. (கிடைத்த மொத்தப் புள்ளியை அதிகபட்சப் புள்ளியால் வகுத்து வரும் முக்கியத்துவக் குறியீடு) கணக்கிட்டு வரிசைப்படுத்தினால் ஆய்வு முடிந்தது என்று ஆகிவிட்டது. சவுதி அரேபியாவைப் பற்றி 2006இல் வந்த ஆய்வு 73 காரணங்களைப் பார்த்தது. மலேசியாவுக்கு 2007இல் 28 காரணங்களோடு ஒன்று வந்தது. இந்தியாவுக்கும் 2012இல் வந்துவிட்டது. அதே கேள்வித்தாளில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி இன்னொரு முறை கேட்பதால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை.

அந்த வரிசையையும் ஒருமுறை கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காரணத்துக்கு அதிகபட்சம் 300 புள்ளி. பணம் தாமதமாக வருவதற்கு 243 புள்ளி, ஆர்.ஐ.ஐ. 0.810. ஆள் பற்றாக்குறைக்கு 241 புள்ளி, ஆர்.ஐ.ஐ. 0.803. ஆய்வேட்டில் முதலாவது முதல் இடம், அடுத்தது இரண்டாம் இடம். ஆனால் ஒரே ஒருவர் முதல் காரணத்துக்கு 5க்குப் பதில் 3 போட்டிருந்தால் இரண்டும் சமம். மூன்று தசம இடம் வரை எழுதுவதால் இல்லாத துல்லியம் வந்துவிடாது.

யார் பதில் சொன்னார்கள் என்பது இதைவிட முக்கியம். கூகுள் ஃபார்மை வாட்ஸாப் குழுவில் போட்டால், கல்லூரி முடித்து ஆறு மாதம் ஆனவரும் இருபது வருட ஒப்பந்ததாரரும் ஒரே எடையில் எண்ணப்படுவார்கள். ஒப்பந்ததாரரைக் கேட்டால் பில் பாஸாகவில்லை என்பார். உரிமையாளரைக் கேட்டால் ஆள் போடவில்லை என்பார். அந்தச் சவுதி ஆய்விலேயே மூன்று தரப்பும் ஒத்துக்கொண்ட பொதுவான காரணம் ஒன்றுதான்: இடையில் வேலையை மாற்றுவது. பிரிட்டனில் 2016 முதல் மத்திய அரசுத் திட்டங்களில் அரசே பிம் கேட்டது. அந்தச் சூழலுக்கு எழுதிய கேள்விகளை கோவையில் இருபது ஃபிளாட் கட்டுகிறவரிடம் கொடுத்தால், புரியாத வரிக்கெல்லாம் 3 போட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த 3 நடுநிலை இல்லை, விடுபட்ட பதில்.

இத்தனைக்கும் சைட்டில் ஆவணங்கள் குவிந்து கிடக்கின்றன. அன்றாட முன்னேற்ற அறிக்கை, எம்.புக் (முடிந்த வேலையின் அளவுப் புத்தகம்), ரன்னிங் பில் (வேலை நடக்க நடக்கப் போடும் இடைக்கால பில்), சிமென்ட் ரெஜிஸ்டர், அரசு வேலை என்றால் ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர். எந்தத் தடை எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் நீங்கியது என்று கடைசியாகச் சொன்னதில் எழுதியே வைத்திருப்பார்கள். அதிலும் எச்சரிக்கை வேண்டும்: கால நீட்டிப்பு கேட்க உதவும் ஆவணம் அது. ஒப்பந்ததாரருடைய பிழையால் நின்ற நாட்கள் அதில் குறைவாகத்தான் வரும். அன்றாட அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று தெரியும். அந்த ஒப்பீடே ஒரு நல்ல அத்தியாயம்.

செலவு உயர்வு: எதிலிருந்து?

பெண்ட் ஃப்ளிவ்பியர்க் குழு 2002இல் 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து, பத்தில் ஒன்பதில் செலவு மதிப்பீட்டைத் தாண்டியது, சராசரி உயர்வு 28 சதவீதம் என்றது. கட்டலாம் என்று முடிவெடுத்த நேரத்து மதிப்பீட்டிலிருந்து அவர்கள் அளந்தார்கள். பீட்டர் லவ்வும் டொமினிக் அஹியாகா-டாக்புயியும் 2018இல் இதைக் கடுமையாக மறுத்தார்கள். தொடக்கப் புள்ளியை ஒப்பந்தத் தொகைக்கு நகர்த்தினால் படம் வெகுவாக மாறும். நம் அரசுத் திட்டங்களில் நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தத் தொகை, திருத்திய மதிப்பீடு என்று நான்கு எண்கள் இருக்கும். எதிலிருந்து அளக்கிறோம் என்று சொல்லாமல் சதவீதம் மட்டும் எழுதினால் அந்த அட்டவணையை யாராலும் பயன்படுத்த முடியாது.

மோதல்களை எண்ணுவது

மாடலில் டக்ட், பைப், பீம் போன்ற இரண்டு பாகங்கள் ஒரே இடத்தைப் பிடித்தால் அது மோதல். பிம் ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் வாக்கியம்: "2,000 மோதல்கள் கண்டுபிடிக்கப்பட்டன, இத்தனை லட்சம் மிச்சமானது." மோதல்களைத் தேடித் தரும் நேவிஸ்வொர்க்ஸ் மென்பொருளின் அறிக்கையைத் திறந்து பாருங்கள். ஒரு ஏ.சி. டக்ட் பீம் மட்டத்தில் தவறாக வரையப்பட்டிருந்தால், வழியில் இருக்கும் பன்னிரண்டு பீமும் பன்னிரண்டு மோதல். டக்டைக் கீழே இறக்கினால் எல்லாம் ஒரே திருத்தத்தில் போய்விடும். டாலரன்ஸை, அதாவது எவ்வளவு ஊடுருவலை விட்டுவிடலாம் என்ற வரம்பை, 5 மி.மீ.யிலிருந்து 25 மி.மீ. ஆக்கினால் எண்ணிக்கை சட்டென்று சரியும். இரண்டு பைப் லேசாக உரசுவதை பிளம்பர் பத்து நிமிடத்தில் சரிசெய்துகொள்வார். முடிந்த பீமில் கோர் கட்டிங் போட்டு வட்டமாகத் துளைப்பது வேறு கதை. இரண்டையும் ஒரே விலையால் பெருக்கினால் வரும் தொகைக்கு அடிப்படையே கிடையாது. மோதல்களை மூலக் காரணப்படி குழுவாக்கி, வேலை தெரிந்த ஃபோர்மேனோடு உட்கார்ந்து, எவை உண்மையில் இடித்துத் திரும்பச் செய்யும் நிலைக்குப் போயிருக்கும் என்று பிரிக்க வேண்டும். மெதுவான வேலைதான். ஆனால் அந்த எண்ணை வைவாவில் தைரியமாகச் சொல்லலாம்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. சுத்தமாக வரையப்பட்ட மாதிரி மாடலில் உங்கள் கருவி ஓடுவது எதையும் நிரூபிக்காது. நிஜ அலுவலக மாடலில் சுவர் இரண்டு தளத்துக்குச் சேர்ந்து நிற்கும், அறைக்குப் பெயர் இருக்காது, மென்பொருள்களுக்கிடையே மாடலைப் பரிமாறும் பொது வடிவமான ஐ.எஃப்.சி.யாக ஏற்றுமதி செய்தால் பாதிப் பொருள்கள் வகை தெரியாத "ப்ராக்ஸி"யாக வந்து விழும். அங்கே எங்கே உடைகிறது என்று எழுதுங்கள். தலைக்கவசம் அணிந்திருக்கிறார்களா என்று கேமராவில் கண்டுபிடிக்கும் ஆய்வுகளில், ஒரே வீடியோவின் அடுத்தடுத்த ஃபிரேம்கள் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிந்து போய்விடுகின்றன. அப்படி வரும் உயர்ந்த துல்லியம் பொய்த் துல்லியம். சைட் வாரியாகப் பிரியுங்கள்: ஒரு சைட்டில் பயிற்சி, வேறு சைட்டில் சோதனை.

கட்டுரை வெளியிடும் அவசரத்தில் பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் ஏற்கும் இதழ்களிடம் போகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. யு.ஜி.சி.யின் 2022 விதிமுறை, ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை கட்டாயம் என்பதை நீக்கிவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் என்ன வைத்திருக்கிறது என்று முதலில் படியுங்கள்.

அனுமதியை வாய்மொழியில் விடாதீர்கள். ஒப்புக்கொண்ட புராஜெக்ட் மேனேஜர் மாற்றலாகிப் போனால் இரண்டு வருடத் தரவும் போகும். எந்த ஆவணங்கள், எந்தக் காலம், திட்டத்தின் பெயரை மறைத்து ஆய்வேட்டிலும் கட்டுரையிலும் பயன்படுத்தலாமா என்பதை நிறுவனத்தின் கடிதத்தில் முதல் வருகைக்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். தொழிலாளர்களைப் படம் எடுப்பதாகவோ உடலில் சென்சார் பொருத்துவதாகவோ இருந்தால் மேஸ்திரியின் சம்மதம் போதாது. ஒவ்வொருவரிடமும் அவரவர் மொழியில் கேட்க வேண்டும். இந்தி, ஒடியா, வங்காளம் பேசுகிறவர்கள் சைட்டில் இருந்தால் அதற்கு ஆள் ஏற்பாடு செய்வதும் ஆய்வுத் திட்டத்திலேயே இருக்க வேண்டும்.