எடிசனின் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாமஸ் எடிசன் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமைகள் 1,093. இது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த எண். காப்புரிமை கிடைக்காமலும் பாதியில் கைவிடப்பட்டும் போன விண்ணப்பங்கள் இன்னும் 500 முதல் 600 வரை இருக்கும் என்பது, ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆவணங்களைப் பதிப்பிக்கும் குழுவின் கணிப்பு.

இந்த விண்ணப்பக் கட்டுகளைப் புரட்டுகிறவர்கள் செய்யும் முதல் தவறு, "நிராகரிக்கப்பட்டது" என்று கண்டதும் கண்டுபிடிப்பே தோற்றுப்போனது என்று முடிவுகட்டுவது. முதல் சுற்றில் மறுப்பது காப்புரிமை அலுவலகத்தின் அன்றாட வேலை. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலக ஆய்வாளர் பழைய காப்புரிமை ஒன்றை எடுத்துக்காட்டி மறுப்பார். வழக்கறிஞர் உரிமைக்கோரல்களில் (கண்டுபிடிப்பில் தமக்கே உரியவை என்று விண்ணப்பம் கேட்கும் அம்சங்களில்) சிலவற்றை அடித்து, சிலவற்றைச் சுருக்கித் திருப்பி அனுப்புவார். அந்தக் கடிதப் போக்குவரத்தை முழுவதும் படிக்காமல் ஒற்றைக் கடிதத்தை மேற்கோள் காட்டுவது அநியாயம்.

கைவிட்டதிலும் வகை உண்டு. அமெரிக்காவின் 1870ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, அலுவலகத்தின் கடிதத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் பதில் தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்பட்டது. ஏற்கப்பட்ட பிறகு, அன்றைய இறுதிக் கட்டணமான 20 டாலரை ஆறு மாதத்துக்குள் கட்டாமல் விடுவது வேறு. பின்னதில் கண்டுபிடிப்பின் மேல் ஆய்வாளருக்குக் குறையே இல்லை. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால் கணக்கு கெடும்.

எண்களில் கவனம் தேவை. வழக்கறிஞர் இட்ட கோப்பு எண் ஒன்று, அலுவலகத்தின் வரிசை எண் ஒன்று. காப்புரிமை எண் கைவிடப்பட்டவற்றுக்குக் கிடையாது. வரிசை எண்ணோ 1880இல் புதிதாகத் தொடங்கி, பிற்காலத்தில் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கியது. ஆண்டைக் குறிக்காமல் எண்ணை மட்டும் எழுதிவைத்தால் யாரோ ஒருவரின் விண்ணப்பத்தில் போய் நிற்பீர்கள்.

தேதியும் அப்படித்தான். புகழ்பெற்ற மின்விளக்குக் காப்புரிமையில் (எண் 223,898) எடிசன் கையெழுத்திட்டது 1879 நவம்பர் 1, தாக்கலானது நவம்பர் 4, வழங்கப்பட்டது 1880 ஜனவரி 27. கைவிடப்பட்டவற்றுக்கு வழங்கிய தேதி இல்லை என்பதால், ஒப்பீட்டுக்குக் கையெழுத்துத் தேதியே கைகொடுக்கும்.

அமெரிக்க அரசு ஆவணக்காப்பகத்தில் காப்புரிமை பெற்றவற்றின் கோப்புகளை மட்டும் பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். நியூ ஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில், எடிசனின் ஆய்வுக்கூட ஆவணங்களில் கைவிடப்பட்டவற்றின் பிரதிகள் இருக்கின்றன.

இன்னொரு சிக்கல் எடிசனே சொன்னது: 1880களின் தொடக்கத்தில் அவருடைய காப்புரிமை வழக்கறிஞர் ஒருவர் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, விண்ணப்பங்களைப் பிறருக்கு விற்றுவிட்டார். அவர் சொன்ன கணக்கு 78. அவற்றைக் கைவிடப்பட்டவையோடு சேர்க்கக் கூடாது. எடிசன் பெயரில் அவை தாக்கலே ஆகவில்லை.