கிதார் கழுத்து போல்ட்டுகளை உள்ளே மறைப்பது

ஒலித்துளை வழியே எட்டிப் பார்த்தால் போல்ட் தலைகள் கண்ணை உறுத்தும். கழுத்தைத் தாங்கும் கட்டைக்குள் அவற்றைப் புதைத்துவிடலாம். பெட்டியை ஒட்டி மூடுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

எம்6 ஆலன் போல்ட்டுக்கு (6 மி.மீ. தடிமன், தலையில் அறுகோணக் குழி உள்ளது) முதலில் 16 மி.மீ. அகலம், 9 மி.மீ. ஆழத்தில் குழி; பிறகு அதன் நடுவில் 7 மி.மீ. துளை. வரிசை மாறினால் பெரிய பிட்டின் நடுமுனைக்குப் பிடிமானம் கிடைக்காது, குழி கோணிவிடும். வாஷர் கட்டாயம், இல்லாவிட்டால் தலை மரத்தில் அமிழ்ந்து பிடி தளரும்.

குழியை மறைக்கும் மூடிக்கு அதே மரத்தில் 4 மி.மீ. பலகை, ரேகை ஒத்துப்போகட்டும். மூடியைப் பசை போட்டு ஒட்டவே கூடாது. காலப்போக்கில் கம்பி உயர்ந்து கழுத்துக் கோணத்தைத் திருத்தும்போது போல்ட்டைக் கழற்றியாக வேண்டும். மூலைகளில் 6 மி.மீ. காந்தங்களைப் பதியுங்கள், எபாக்ஸி பசை வைக்குமுன் துருவத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மூடியின் பின்னோரத்தில் மெல்லிய தோல் ஒட்டினால், தடித்த கம்பியை மீட்டும்போது மூடி அதிராது.