சேணம் வாங்க முதல் குதிரையின் முதுகைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் குதிரை வளர்ப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். சேணமும் பெரும்பாலும் யாரோ பாவித்துவிட்டு விற்கும் பழையதாகத்தான் கைக்கு வரும். ஆக்கள் அதில் ஏறி இருந்து பார்த்து, சுகமாக இருக்கிறதென்று காசைக் கொடுத்துவிடுகிறார்கள். இருப்பவரின் சுகம் பிறகு, முதலில் சுமக்கிற முதுகுக்கு அது பொருந்த வேண்டும்.

முதல் வேலை அளவெடுப்பது. குதிரையைச் சீமெந்து முற்றம் மாதிரிச் சமதரையில் நேராக நிற்க விடுங்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்கும், அதன் பக்கவாட்டில் தடவினால் தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பு தட்டுப்படும். அதற்கு இரண்டு விரல் பின்னால், வளைத்தால் அப்படியே நிற்கும் தடித்த வயரை முதுகுக்குக் குறுக்காக அழுத்தி, அந்த வடிவத்தைக் கடதாசி மட்டையில் கீறி வெட்டுங்கள். சேணம் பார்க்கப் போகும்போது இந்த மட்டையை அதன் முன்வளைவுக்குள் வைத்தால் ஒடுக்கமா அகலமா என்று அங்கேயே ஓரளவு பிடிபட்டுவிடும்.

அப்புறம் கடைசி விலா எலும்பைத் தேடி, அதன் வழியே விரலை மேலே கொண்டுபோய் முதுகில் வெண்கட்டியால் கோடு போடுங்கள். சேணத்தின் பாரம் தோள்பட்டைக்குப் பின்னால் தொடங்கி இந்தக் கோட்டுக்குள் முடிய வேண்டும், ஏனென்றால் அதைத் தாண்டித் தாங்குவதற்கு விலா இல்லை. நெடுந்தீவில் திரிபவை போலச் சிறிய குதிரை என்றால் இருக்கை 17 அங்குலமுள்ள சேணமே நீளமாகிவிடலாம்.

வாங்கும் இடத்தில் சேணத்தை மடியில் வைத்து, முன்னையும் பின்னையும் ஒன்றையொன்று நோக்கி நெரியுங்கள். கிறீச்சென்றாலோ நடுவில் மடிந்தாலோ உள்ளே சட்டகம் உடைந்திருக்கலாம். எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

சரி, இனிக் குதிரையில் வைத்துப் பார்ப்போம். கீழே துணி எதுவும் போடாமல், கொஞ்சம் முன்னுக்கு வைத்து, தானாக நிற்கும் இடம்வரை பின்னுக்கு வழுக்கி விடுங்கள். முன்மேட்டுக்கு மேலே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும், ஆள் ஏறிய பிறகும் சேணம் மேட்டைத் தொடக்கூடாது. பின்னால் நின்று குனிந்து பார்த்தால் முள்ளந்தண்டுக்கு மேலே வெளிச்சம் முழு நீளத்துக்கும் தெரிய வேண்டும். கையை அடிமெத்தைக்கும் முதுகுக்கும் இடையில் விட்டு முன்னிருந்து பின்வரை மெதுவாக இழுங்கள், அழுத்தம் எங்கும் ஒரேயளவாக இருக்க வேண்டும். நடுவில் கை லேசாகப் போய் இரண்டு முனையிலும் இறுகினால் அந்தச் சேணம் இந்தக் குதிரைக்கு இல்லை. ஒடுக்கமான சேணத்துக்குக் கீழே துணியை மடித்துப் போட்டுச் சமாளிப்பது, இறுகுகிற சப்பாத்துக்குள் தடித்த காலுறை போடுவது மாதிரித்தான்.

வயிற்று வாரை ஒரே இழுவையில் இறுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிறகு முன்கால் ஒவ்வொன்றையும் முன்னுக்கு நீட்டிவிட்டால் வாருக்குள் மடிந்த தோல் நேராகிவிடும்.

நன்றாக வியர்க்கும்வரை ஓட்டிவிட்டுச் சேணத்தைக் கழற்றி உடனே பாருங்கள். நம்மூர் வெயிலில் வியர்வை வர நேரமெடுக்காது. நனைந்த முதுகில், முக்கியமாகத் தோளுக்குப் பின்னால், சின்னதாக ஒரு காய்ந்த திட்டு இருந்தால் அந்த இடம் நசிபடுகிறதென்று சந்தேகப்படுங்கள். மயிர் வெள்ளையாக முளைத்திருந்தால் அங்கே முன்பே காயப்பட்டிருக்கலாம். வார் கட்டும்போது காதை மடக்கிக் கடிக்க வருகிற குதிரையைத் திமிர் பிடித்ததென்று அடிப்பவர்களைக் கண்டால் மனம் பதறுகிறது, வலிக்கிறதென்று சொல்ல அதற்கு வேறு வழி ஏது?

மாரியில் புல் தின்று கொழுத்த முதுகு, கோடையில் இளைத்துவிடும். அதனால் பருவம் மாறும்போது புதிதாக ஒரு மட்டை வெட்டி, திகதி எழுதி, பழையதோடு வைத்துப் பாருங்கள்.