ப்ளூஸ் ஜாமில் செல்லோ: வெறும் தந்திகளோடு தொடங்கலாம்

நாட்டுப்புற இசை, ப்ளூஸ் ஜாம்களில், அதாவது பலர் கூடி அங்கேயே சேர்ந்து வாசிக்கும் இடங்களில், கிட்டார்களுக்கும் ஃபிடில் எனப்படும் வயலின்களுக்கும் பஞ்சமில்லை. அடியில் நின்று தாங்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. தாழ்ந்த ஒலி தரும் பெரிய வயலின் வகையான செல்லோவைப் பழகத் தொடங்கியவருக்கு அந்த இடமே போதும். இது புதுமையும் அல்ல. 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் ஃபிடில் கலைஞர் நீல் கோ நடனங்களுக்கு வாசித்தபோது, அவருடைய சகோதரர் டொனால்ட் செல்லோவில் துணை நின்றார்.

படி 1: தடித்த தந்தியிலிருந்து சி, ஜி, டி, ஏ எனச் சுருதி சேருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தரை வழுக்கினால் செல்லோவைத் தரையில் தாங்கும் அடிமுள் நழுவும். தடுப்புப் பட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

படி 2: "எந்தக் கீ?" என்று, அதாவது பாடலின் ஆதார ஸ்வரம் எது என்று, வாய்விட்டுக் கேளுங்கள். கிட்டார்காரரின் விரல்களைப் பார்த்து ஊகிப்பது ஆபத்து. கிட்டாரின் இரண்டாம் கட்டில் கேபோ (தந்திகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் கவ்வி) மாட்டியிருந்தால், கை ஜி கார்டைப் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் தொகுப்பு) பிடித்திருக்கும், காதில் ஏ விழும்.

பதில் ஜி என்றால் உங்களுக்கு யோகம்தான். ஜி, சி, டி என மூன்று கார்டுகளின் மூல ஸ்வரங்களும் விரல் வைக்காத வெறும் தந்திகளிலேயே கிடைக்கின்றன. டி கீயிலும் அப்படியே: டி, ஜி, ஏ.

படி 3: வில்லைக் கீழே வையுங்கள். செல்லோக்காரர்களுக்கு இது பிடிக்காது, ஆனாலும் முதல் சில பாடல்களுக்கு விரலால் மீட்டுவதே நல்லது. ப்ளூஸின் ஒரு சுற்று பெரும்பாலும் 12 பார். பார் என்பது தாளத்தின் ஒரு கூறு, ஒவ்வொன்றிலும் 4 அடி. ஜி கீயில் வரிசை இது:

ஜி 4 பார், சி 2, ஜி 2, டி 1, சி 1, ஜி 2.

முதல் அடியில் மூல ஸ்வரம், மூன்றாம் அடியில் அதன் பஞ்சமம். பஞ்சமத்தைத் தேடி அலைய வேண்டாம். செல்லோவின் தந்திகள் பஞ்சம இடைவெளியில் அமைந்தவை என்பதால் அடுத்த மெல்லிய தந்தியில் அதே இடத்தில் அது இருக்கும். ஜி கார்டுக்கு ஜி தந்தி, பிறகு டி தந்தி. சி கார்டுக்கு சி, பிறகு ஜி. வலக்கை மட்டுமே வேலை செய்கிறது என்பதால் கண்ணும் காதும் மற்றவர்கள் பக்கம் இருக்கலாம்.

படி 4: ஏ கீயில் ஒரு சிறு மெட்டு. ஜி தந்தியில் முதல் விரல் ஏ, நான்காம் விரல் சி. பிறகு வெறும் டி தந்தி. அதே தந்தியில் முதல் விரல் ஈ, நான்காம் விரல் ஜி. முடிவில் மேல் ஸ்தாயி ஏவாக வெறும் ஏ தந்தி. இந்த ஐந்து ஸ்வரங்களே ஏ மைனர் பென்டடானிக் என்னும் ஐந்து ஸ்வர வரிசை. கையை நகர்த்தவே வேண்டாம். சி ஸ்வரத்தில் சுருதி சற்றே உயரும்படி நான்காம் விரலை மயிரிழை தள்ளிப் பாருங்கள். மைனருக்கும் மேஜருக்கும் நடுவே அந்த ஸ்வரம் தடுமாறும்போதுதான் ப்ளூஸ் வாடை வீசும்.

படி 5: இனி வில்லை எடுக்கலாம். பாருக்கு ஒரு நீண்ட ஸ்வரம் போதும். யாராவது பாடத் தொடங்கினால் பாதி ஒலிக்கு இறங்கிவிடுங்கள். தனி வாசிப்பு உங்கள் முறைக்கு வந்து, மனம் ஒப்பவில்லை என்றால், தலையை ஆட்டி அடுத்தவருக்கு விட்டுவிடலாம். ஜாம்களில் அது வழக்கம்தான்.